நிற்கிறவள்

"உட்காருங்கம்மா. நல்லா முதுகை வளைச்சு, நாடி நெஞ்சுல முட்டுற மாதிரி உட்காருங்க" என்று மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா சொன்னபோதுதான் செண்பகவல்லிக்கு இந்த ஆஸ்பத்திரி கொஞ்சம் பிடித்துப்போனது. உட்காரச் சொல்கிறார்கள். அதுவும் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரச் சொல்கிறார்கள். நேற்று வார்டில் பெரிய டாக்டர் ஜெபராஜ் உள்ளே நுழைந்ததும் கட்டிலிலிருந்து சடாரென்று எழுந்து நின்றுவிட்டாள்; அவர் பதறிப்போய், அம்மா, உங்க காலைப் பார்க்கத்தானே வந்திருக்கேன், நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க என்றார். எதுக்கு என்றால் என்ன பதில் சொல்வது. ஆள் வந்தால் எழுந்திருப்பது அவள் செய்கிற காரியம் இல்லை, கால் செய்கிற காரியம். ஜவுளிக்கடை மூன்றாவது மாடி, பட்டுச்சேலைப் பிரிவு. படியில் யார் தலை தெரிந்தாலும் அவள் நினைப்பதற்கு முன்னால் கால் நிமிர்ந்துவிடும், வாய் வாங்கம்மா என்றுவிடும், மனசு மட்டும் பின்னால் நொண்டிக்கொண்டு வந்து சேரும். வீட்டில் டி.வி. நாடகத்தில் ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வந்ததற்குக்கூட ஒருநாள் எழுந்து நின்றுவிட்டாள் என்று மகள் சுபாஷினி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முதுகில் ஸ்பிரிட் ஜில்லென்று படர்ந்தது. அசையாதீங்க, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும். எறும்பு இல்லை, நல்ல கட்டெறும்பு. பிறகு இடுப்புக்குக் கீழே வெந்நீர் இறங்குவதுபோல ஒரு சூடு, தொடை, முழங்கால், பாதம் என்று வரிசையாக ஊறி, ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. படுக்க வைத்தார்கள். காலைத் தூக்குங்க பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. தூக்கினாள், அதாவது தூக்க நினைத்தாள். நினைப்பு இடுப்போடு திரும்பி வந்துவிட்டது. நெஞ்சுக்கு மேலே பச்சைத்துணி ஒன்றைத் திரைபோலக் கட்டினார்கள். அந்தப் பக்கம் கால், இந்தப் பக்கம் அவள். கதவு திறந்தது, ஜெபராஜ் டாக்டர் கையை உயர்த்தியபடி வந்து, என்னம்மா, ரெடியா என்றார். மார்பு வரைக்கும் ஓர் எழுச்சி வந்தது. கால் எழவில்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒருத்தர் வந்தும் அவள் கால் எழவில்லை. பயத்துக்கு நடுவிலும் அப்பாடா என்று இருந்தது.

இந்தக் கட்டைவிரலுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம். வலது கால் கட்டைவிரல், அது பாதத்தோடு சேருகிற மூட்டு. முதலில் நகம் உள்ளே வளருகிறது என்று நினைத்தாள். பிறகு கடையில் தரை குளிர்ச்சி என்றார்கள். உப்புப் போட்ட வெந்நீரில் முக்கினாள், செங்கல்லைச் சூடு பண்ணித் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள், யாரோ யூரிக் ஆசிட் என்று சொன்ன மாத்திரத்தில் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சமையலில் கறியையே நிறுத்திவிட்டார். தனக்கும் வேண்டாம் என்று அவரும் நிறுத்திக்கொண்டார், அதுதான் அவர் பாசம். மூட்டின் மேலே எலும்பு முண்டு மாதிரி ஒரு மொழி புடைத்து, செருப்பு வார் பட்டாலே உயிர் போனது. விரலை மேலே வளைக்க முடியாமல் பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி ஊன்றி நடந்து, வலது செருப்பு மட்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்தது. ஊசி போட்டுப் பார்த்தார்கள், ஒரு ஆடித் தள்ளுபடி வரைக்கும் தாங்கியது. கடைசியில் ஜெபராஜ் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் மாட்டிக் காட்டினார். ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி இருந்தது சுத்தமா தேஞ்சுபோச்சும்மா, எலும்பும் எலும்பும் உரசுது. அந்த மூட்டை ஃப்யூஸ் பண்ணிடுவோம், வலி போயிடும். ஆவுடையப்பன் முகம் வெளிறிவிட்டது. ஃப்யூஸ் போயிருமா டாக்டர், பெறவு கால் வெளங்காதா என்று கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போறது இல்லைங்க ஐயா, சேர்க்கிறது. ரெண்டு எலும்பையும் ஒண்ணாச் சேர்த்துத் தகடு வச்சு முடுக்கிடுவோம், ஒரே எலும்பாகிடும், அப்புறம் அது மடங்கவே மடங்காது, மடங்கலேன்னா வலியும் கிடையாது. மடங்காது என்றதும் செண்பகவல்லிக்கு அந்தச் சொல்லில் மனசு சிக்கிக்கொண்டது. மடிப்பதுதானே அவள் பிழைப்பு. விரித்த சேலையை முந்தி தெரிய, சரிகை ஒடியாமல், பழைய தடத்திலேயே மடிப்பதற்கு அந்த மாடியில் அவளை விட்டால் ஆள் இல்லை. உதறி விரிக்கச் சின்னப்பிள்ளைகள் போதும், மடிக்க செண்பகம் அக்கா வேண்டும். மடித்துக்கொண்டே இருந்தவள் காலில் மடங்காத ஒன்று. டாக்டர் அவளைப் பார்த்து, வேலையில செருப்பா ஷூவாம்மா என்று கேட்டார். கடைக்குள்ள வெறுங்கால்தான் சார். அப்ப தரையில பதியுற மாதிரி, லேசா நுனி தூக்கி வைக்கணும். இந்தக் கோணம்தான் முக்கியம், ஒரு தடவை வச்சா வச்சதுதான். நீங்க நின்னு வேலை பார்க்கிறவங்க, நல்லா நிக்கிற மாதிரி வச்சுத் தாரேன். இன்னும் இருபது வருஷம் ஜம்முன்னு நிக்கலாம். நல்ல மனுஷர், முகமெல்லாம் சிரிப்பாகத்தான் சொன்னார். ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். செண்பகவல்லிக்கு மட்டும் அந்த இருபது வருஷம் தலையில் மூட்டையாக வந்து இறங்கியது.

இந்த நிற்பது என்கிற சொல்லோடு அவளுக்கு ஒரு பழைய வம்பு உண்டு. கடையில் சேர்ந்த புதிதில் காதில் விழுந்ததெல்லாம் அதுதான். பட்டுல யாரு நிக்கா? சுடிதார்ல யாரு நிக்கா? அப்படியென்றால் யாருக்கு அங்கே வேலை என்று அர்த்தம். ஒருநாள் கனகா வரவில்லை, எங்கே என்று கேட்டால் அவ நின்னுட்டா என்றார்கள். எங்கே நின்றுவிட்டாள் என்று வெகுளியாகத் திரும்பிப் பார்த்தாள் செண்பகவல்லி. வேலையை விட்டுவிட்டாளாம். அதற்கும் அதே சொல்தான். நிற்கிறவள் வேலையில் இருக்கிறவள், நின்றுவிட்டவள் போய்விட்டவள். இந்த ஊரில் ஒருத்தி நின்றுகொண்டே இருந்துவிட்டு ஒருநாள் நின்றுவிடலாம். அந்த ஒருநாள்தான் வரவில்லை. சேரும்போது ஆவுடையப்பன் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு நில்லு செண்பகம், லாரி வேலை நெரந்தரமானதும் நின்னுரலாம். லாரி வேலை நிரந்தரம் ஆகவில்லை, அவர் கண்தான் மங்கியது; இரவில் எதிர்வண்டி வெளிச்சம் பூவாக விரிகிறது என்றார், பிறகு பகலிலும் விரிந்தது. அவர் வீட்டோடு இருந்து சோறாக்கினார். சுபா பள்ளிக்கூடம் முடிக்கட்டும், பெறவு நின்னுரு. காலேஜ் முடிக்கட்டும். கல்யாணம் முடியட்டும். தலைத்தீபாவளி முடியட்டும். இப்போது தை மாசத்தில் சுபாவுக்குப் பேறுகாலம், அதுவும் முடியட்டும்ளா, பெறவு ஒரு நாள்கூட நிக்க வேண்டாம். ஆவுடையப்பன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு சண்டை போட்டு நின்றிருப்பாள். வேலை முடிந்து வந்ததும் நல்லெண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு காலடியில் உட்கார்ந்துவிடுகிற மனுஷரிடம் எப்படி முடியாது என்று சொல்வது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து, மறுநாள் நிற்பதற்குக் காலைத் தயார் பண்ணித் தருவார். நேற்றைக்குக் கடை மேற்பார்வையாளர் மகாராஜன் போன் பண்ணினான். ஆறு வாரம்னா கணக்கா தீபாவளிக்கு வந்துருவியள்லா யக்கா, பட்டுல நீங்க நிக்காம யாவாரமே ஓடாது. ஓடாது என்றதில் கொஞ்சம் குளிர்ந்துபோனதும் உண்மைதான், அந்த வெட்கத்தையும் இங்கே படுத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். அதனால்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தாள். சார், ஆபரேஷன் முடிஞ்சதும் எங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இனிமே நின்னு வேலை பார்க்க முடியாதுன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாரும் கேட்பாங்க. அவ்வளவுதான். வார்டில் கேட்க நினைத்தாள், ஆவுடையப்பன் பக்கத்திலேயே இருந்தார். வண்டியில் தள்ளிக்கொண்டு வரும்போது நினைத்தாள், நர்சுகள் பேசிக்கொண்டே வந்தார்கள். இதோ இப்போதுகூடக் கேட்கலாம். எலும்பில் கை வைப்பதற்கு முன்னால் கேட்டுவிட்டால் நல்லது. சார், என்றாள். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வலிக்குதாம்மா? இல்ல சார். வெரி குட். பேச்சு அதோடு முடிந்தது.

சத்தம் கேட்டது. சுவரில் ஆணி அடிக்க ஓட்டை போடுவார்களே, அந்தச் சத்தம், ஆனால் கொஞ்சம் ஈரமான சத்தம். தன் எலும்பு என்று புத்திக்குத் தெரிகிறது, உடம்புக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ மராமத்து பார்க்கிற மாதிரி இருந்தது. கையில் சுற்றிய பிரஷர் பட்டை தானாக இறுகி, பொறுத்து, தானாகத் தளர்ந்தது. தலைக்கு மேல் விளக்கு வட்டம் வட்டமாக. கடையிலும் இப்படித்தான், பட்டு பளபளக்க வேண்டும் என்று தலைக்கு மேல் விளக்காக மாட்டியிருப்பார்கள், அதன் சூட்டில் நின்று நின்று சாயங்காலம் கண் பொங்கிவிடும். சாயக்கூடாது. அலமாரியில் சாய்ந்தால் கேமராவில் தெரியும், மகாராஜன் வந்து யக்கா என்று மட்டும் சொல்வான், திட்ட மாட்டான், அந்த யக்கா போதும். உட்காருவதற்கு ஒரே இடம் கக்கூஸ். பெண்பிள்ளைகள் எல்லாரும் அடிக்கடி போவார்கள், போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூடியின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வெளியே அடுத்தவள் காத்திருப்பாள், அவளுக்கும் அவசரம் இல்லை, உட்கார வேண்டும், அவ்வளவுதான். பிறகு கடை ஆட்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒருநாள் காலையில் மாடிக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கியது. நீல நிறம். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி பார்த்தார்கள். யாரும் உட்காரவில்லை. நீங்க உட்காருங்கக்கா, நீங்கதான் சீனியர். சரி என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஒரு மூச்சு விடவில்லை, படியில் ஒரு தலை தெரிந்தது, வாங்கம்மா, அவள் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் அந்த ஸ்டூலில் யாரோ புதுச்சரக்குச் சேலைகளை அடுக்கியிருந்தார்கள். அதன் பிறகு அது சேலை வைக்கிற ஸ்டூல் ஆகிவிட்டது. சேலைகள் உட்கார்ந்திருந்தன, அவர்கள் நின்றார்கள். கடையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, ஸ்டூலைப் போட்டார்களே. எழுந்தது அவள் கால்தானே.

இப்போது ஒரு வாசனை வந்தது. கருகுகிற வாசனை, அடுப்பில் மயிர் விழுந்தது மாதிரி. கட்டைவிரல் என்றால் அவளுக்கு அம்மாவின் கட்டைவிரல்கள் ஞாபகம் வந்தே தீரும், இவ்வளவு நேரமாக வராமல் பார்த்துக்கொண்டிருந்தாள், வாசனை கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. அம்மா போன அன்றைக்கு, உடம்பு விறைக்கிறதுக்கு முன்னால கால் ரெண்டையும் சேர்த்துக் கட்டணும், ஒரு துண்டுத் துணி கிழிச்சுத் தாங்க என்றார்கள். பெரியம்மா புதுத்துணியை நீட்டி, நீதான் ஜவுளிக்கடைக்காரியாச்சே, நீ கிழி, நேராக் கிழியும் என்றாள். சேர்ந்த புதிதில் அவள் நின்றது ஜாக்கெட் துணி கிழிக்கிற இடத்தில்; ஓரத்தில் ஒரு வெட்டு, இரண்டு கையாலும் ஒரு இழுப்பு, சர்ரென்று நூல் பிடித்தாற்போல் போகும். அன்றைக்கும் அப்படித்தான் போனது. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அந்தச் சத்தத்துக்கு ஒரு நொடி நிறுத்தினார்கள். அம்மாவின் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து யாரோ முடிந்தார்கள், விரல்கள் அப்போதே மரக்கட்டையாக இருந்தன. மடங்கவில்லை. இனி இவளுடைய வலது விரலும் மடங்காது. உயிரோடு இருக்கும்போதே ஒரு விரலை முன்னால் அனுப்பி வைக்கிறாளோ. இல்லை, இல்லை, என்ன நினைப்பு இது, மருந்து வேலை செய்கிறது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை. நாளைக்கு அவளைக் கட்டும்போது ஒரு விரல் தகட்டோடு இருக்கும். எரித்தபிறகு சாம்பலில் அந்தத் தகடும் ஆணிகளும் மட்டும் அப்படியே கிடக்கும், சுபா அதை எடுத்துப் பார்த்து, இது அம்மா தீபாவளிக்கு நிக்கிறதுக்காக வச்சது என்பாள். இதற்குச் சிரிப்பதா அழுவதா. இந்தக் காலை இப்போது யாராவது தூக்கிக்கொண்டு போனால்கூடத் தெரியாது. இருக்கிறதா என்று கேட்கலாமா. கேட்டால் சிரிப்பார்கள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ சுரண்டி எடுத்தது போதும் என்றார். அவளுக்குக் களைப்பாக இருந்தது. படுத்துக்கொண்டிருக்கும்போதே இவ்வளவு களைப்பு எங்கிருந்து வருகிறது என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மயக்க டாக்டரம்மா குனிந்து, தூக்கம் வருதாம்மா என்றார். சின்ன வயசுதான், சுபாவைவிட நாலு வருஷம் கூட இருக்கலாம், முகமூடிக்கு மேலே கண் மட்டும் அழகு. எந்தக் கடையில வேலை பார்க்கிறீங்க என்று கேட்டார், சொன்னாள். அய்யோ, அங்கேயா, தை மாசம் என் தங்கச்சிக்குக் கல்யாணம், முகூர்த்தப் பட்டு அங்கதான் எடுக்கணும்னு இருக்கோம், நல்லதா பார்த்து எடுத்துக் குடுப்பீங்களா? செண்பகவல்லியின் வாய் திறந்தது. வாங்கம்மா, சரிகை நல்லதா வந்திருக்கு, நான் எடுத்து வைக்கேன். இது யார் பேசியது? கால் மரத்தது போதாது, வாயையும் மரக்க வைத்திருக்க வேண்டும். அரக்கா மாம்பழக் கலரா, மாப்பிள்ளை நிறம் எப்படி, முந்தியில் மயில் வந்தால் உங்க வீட்டுல ஆகுமா என்றெல்லாம் அந்த வாய் தன்பாட்டுக்கு விசாரித்தது. நிக்கிறதே இனிமேல் வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்க வந்தவள் ஆபரேஷன் மேஜையில் வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிறாள். டாக்டரம்மா சந்தோஷமாக, அப்ப நீங்க பட்டுலதான் நிப்பீங்க இல்ல, நான் நேரா உங்ககிட்டயே வந்துடறேன் என்றார். நிப்பேன்மா, என்றது வாய். சொல்லி முடித்ததும் கண் ஓரத்தில் சூடாக ஒன்று இறங்கிக் காதுக்குள் போனது. அவள் அழவில்லை, அது தானாக வந்தது, எல்லாம் தானாகத்தான் வருகிறது. டாக்டரம்மா பஞ்சை எடுத்துத் துடைத்துவிட்டு, பயப்படாதீங்க, முடியப்போகுது என்றார். முடியப்போகிறது என்பதுதான் பயமே. தகடு வைத்து முடுக்கிவிட்டால் கோணம் கோணம்தான், வச்சது வச்சதுதான். இருபது வருஷம். சார் என்று மறுபடியும் கூப்பிட்டாள்.

இருங்கம்மா, முக்கியமான கட்டம் என்றார் ஜெபராஜ் டாக்டர் திரைக்கு அந்தப் பக்கமிருந்து. சிஸ்டர், அந்தத் தட்டு மூடியைக் குடுங்க, தட்டையா இருக்கே அது. கத்தி, கத்தரி எல்லாம் வைக்கிற ஸ்டீல் தட்டு, அதன் மூடி. விளக்கில் அது ஒரு தடவை பளிச்சென்று திரும்பியதை மட்டும் செண்பகவல்லி பார்த்தாள். என்ன பண்றீங்க சார் என்று கேட்டாள், தன் குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. இதுதாம்மா தரை, என்றார் அவர். விரலை இப்ப தற்காலிகமா ஒரு கம்பி குத்தி நிறுத்தியிருக்கேன். இந்த மூடியை உங்க உள்ளங்கால்ல வச்சு அழுத்துறேன், நீங்க தரையில நின்னா விரல் எப்படிப் பதியுதுன்னு தெரியும். படுத்துக்கிட்டே உங்களை நிக்க வச்சுப் பார்க்கிறேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுத்தமில்லை, குளிர்ச்சியில்லை. ஆனால் மேஜை லேசாக அசைந்தது, இடுப்புக்கு மேலே உடம்பு தலைமாட்டுப் பக்கமாக ஒரு நூல் நகர்ந்தது, யாரோ கீழேயிருந்து அவளைத் தாங்கித் தூக்குகிற மாதிரி. படுக்க வைத்து, ஊசி போட்டு, காலையே இல்லாமல் பண்ணி, அதற்குப் பிறகும் தரையைத் தூக்கிக்கொண்டு வந்து காலில் ஒட்டி நிற்க வைத்துவிட்டார்கள். மூன்றாவது மாடித் தரை தானே நடந்து வந்துவிட்டது. செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சத்தமில்லாத சிரிப்பு, வயிற்றில் தொடங்கி, மூக்கில் மாட்டியிருந்த ஆக்சிஜன் குழாயில் புஸ்ஸென்று வெளியே வந்தது. ஏன் சிரிக்கிறீங்க என்றார் டாக்டரம்மா. திரைக்கு அந்தப் பக்கம் ஜெபராஜ் டாக்டர் விரலைத் திருப்பிப் பார்த்து, ஒரு மயிரிழை இறக்கி, மறுபடி மூடியை வைத்து, அழகுப் பொருளைப் பார்க்கிறவர்போலப் பேசிக்கொண்டார். பாருங்க, நுனி தொடுது, குத்தல. சூப்பர். அம்மா, பிரமாதமா நிக்கிறீங்க. எவ்வளவு அக்கறை அந்தக் குரலில். சேலை மடிப்பு ஓரத்தோடு ஓரம் சேர்ந்துவிட்டால் அவளுக்கு வருகிற அதே திருப்தி. அந்த நொடியில் அவளுக்கு ஒன்று தெளிந்தது, தெளிந்ததும் சலிப்பாகவும் லேசாகவும் இருந்தது. இவரிடம் கேட்டு என்ன ஆகும். இவர் வேலை நிற்க வைப்பது. அதை இவர் நன்றாகத்தான் செய்கிறார். நின்றுவிடுவது இவர் வேலை இல்லை. அந்த வார்த்தையை இவர் வாயிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் எவ்வளவு நாளைக்குச் செல்லும். தீபாவளி போய்விட்டால் பொங்கல், விரல்தான் நல்லா ஆயிட்டே என்பார்கள். விரல் நன்றாகத்தான் ஆகும். நன்றாக ஆன விரலோடு அவள் சொல்ல வேண்டும். என்னமோ கேக்க வந்தீங்களேம்மா என்றார் டாக்டர். ஒண்ணுமில்ல சார், நீங்க முடுக்குங்க என்றாள். மறுபடி அந்த ஈரமான சத்தம், ஒன்று, இன்னொன்று. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல் ஒன்றுதான், சொல்கிற தோரணைதான் வேறு. நிக்கேன். நின்னுட்டேன். நாக்கை அசைக்காமல் உள்ளுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வண்டியில் வைத்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது நடைபாதையின் ஒரு பக்கத்தில் ஆவுடையப்பன் நின்றிருந்தார். வரிசையாக நாற்காலிகள் காலியாக இருந்தன, அவர் உட்காரவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கண்ணை இடுக்கிக்கொண்டு, வருவது அவள்தானா என்று வண்டியை நோக்கிக் குனிந்து பார்த்தார், பிறகு முகம் மலர்ந்தது. கையில் போன் வெளிச்சமாக இருந்தது. முடிஞ்சிட்டா செண்பகம்? வலிக்கா? இல்லை என்று தலையை ஆட்டினாள். வெள்ளைக் கட்டுக்குள் இருந்த காலை அவர் தொடப் பார்த்துவிட்டுத் தொடாமல், வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நல்லா வந்திருக்காம், டாக்டர் இப்பம்தான் சொல்லிட்டுப் போறாவ, ஜம்முன்னு நிக்கலாமாம். பிறகு போனைக் காட்டி, மகாராஜன் லைன்ல இருக்கான், ரொம்ப நேரமா உன்னையத்தான் கேக்கான், எப்பம் நிக்கலாம்னு கேக்கான், என்ன சொல்லட்டும் என்றார். இடுப்புக்குக் கீழே இன்னும் ஒன்றும் இல்லை. செண்பகவல்லி அவரைப் பார்த்தாள். மங்கிப்போன கண், நரைத்த மீசை, விரல் நகத்தில் நல்லெண்ணெய் ஊறிய மஞ்சள். பாவமாக இருந்தது. பாவமாக இருந்தாலும் சொன்னாள்.

"நின்னுட்டேன்னு சொல்லுங்க."

ஆவுடையப்பன் சந்தோஷமாகப் போனைக் காதில் வைத்தார். "தம்பி, நின்னுட்டாளாம்டே" என்று தொடங்கியவர் சட்டென்று பேச்சை விட்டார். போனுக்குள் மகாராஜன் ஆச்சரியப்படுவது வண்டி வரைக்கும் கேட்டது. அதுக்குள்ளயா! ஆபரேஷன் முடிஞ்ச கையோட நின்னுட்டாகளா, அக்கா அக்காதான், அப்பம் தீபாவளிக்குக் கவலையே இல்ல. வண்டி தள்ளுகிறவர் போகலாமா என்றார். செண்பகவல்லி ஆவுடையப்பன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எழுந்து நிற்க முடியாதது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் இந்நேரம் கால் எழுந்து, பரவால்லங்க, தீபாவளி மட்டும் நிக்கேன் என்று வாயும் சொல்லியிருக்கும். அவர் அவளுடைய முகத்தையும் கட்டுப்போட்ட காலையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனையோ தடவை தானே சொன்ன சொல்தான், பெறவு நின்னுரு, பெறவு நின்னுரு. அது இப்போது அவள் வாயிலிருந்து வந்து அவர் காதில் இறங்க இவ்வளவு நேரம் எடுத்தது. பக்கத்து நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார்.

"இல்ல தம்பி" என்றார் போனில். "அந்த நிக்கது இல்ல. உங்க அக்கா நின்னுட்டா."